நடத்திவைப்பவரும் தலைமை தாங்குபவரும்

ஆஸ்திரேலியாவில் இன்று நடக்கும் கல்யாணங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மதகுரு எவரும் இல்லாமல் நடப்பவை. அவற்றை நடத்திவைப்பவருக்கு அங்கே செலிபிரன்ட் என்று பெயர். அரசிடம் பதிவு பெற்ற தனிமனிதர் அவர். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், இதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவராகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் புரோகிதர் இல்லாத கல்யாணத்துக்கு அதைவிட வயது அதிகம். 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் கிராமத்தில் பெரியார் தலைமையில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இயக்க வரலாறு குறிக்கிறது. ஆஸ்திரேலியாவில் முதல் செலிபிரன்ட் நியமிக்கப்பட்டது 1973 ஜூலை 19. இடையில் 45 ஆண்டுகள்.

முன்னால் கிளம்பிய நாம் ஒரு விஷயத்தில் பின்தங்கிவிட்டோம் என்பது என் எண்ணம். நம் சுயமரியாதைத் திருமண மேடைகளில் மிகக் குறைவாகப் பேசுகிறவர்கள் மணமக்கள்தான். சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் சுதந்திரத்தின் அளவைப் பார்த்தால் இது வருத்தம் தருகிறது. ஆஸ்திரேலியச் சட்டம் அந்த அளவுக்குத் தாராளமானது அல்ல. ஆனாலும் அங்கே மணமக்கள் தங்கள் கல்யாணத்தைத் தாங்களே யோசித்து, செலிபிரன்டோடு உட்கார்ந்து, வரிவரியாக உருவாக்கிக்கொள்கிறார்கள். இது எப்படி நேர்ந்தது என்று பார்ப்பதற்காகத்தான் இரண்டையும் பக்கத்தில் வைக்கிறேன்.

இரண்டும் பிறந்த காரணமே வேறு. பிரதமர் கஃப் விட்லம் அரசில் சட்ட அமைச்சராக இருந்த லயனல் மர்பி செலிபிரன்ட் முறையைக் கொண்டுவந்தபோது ஆஸ்திரேலியர்களுக்கு இரண்டே வழிகள் இருந்தன: தேவாலயம், இல்லையென்றால் பதிவு அலுவலகம். மணவிலக்குப் பெற்றவர்களுக்குப் பல தேவாலயங்கள் மறுமணம் செய்துவைக்கவில்லை. பதிவு அலுவலகத்திலோ அலுவலக நேரத்தில், அடுத்த ஜோடி வெளியே காத்திருக்க, கையெழுத்தோடு காரியம் முடிந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும், இருந்தும் தேவாலயத்தால் மறுக்கப்பட்டவர்களுக்கும் மரியாதையான ஒரு சடங்கு வேண்டும் என்று மர்பி நினைத்தார். குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த லோயிஸ் டார்சி என்ற பெண்ணை முதல் செலிபிரன்டாக நியமித்தார். தனிமனிதருக்கு மரியாதை என்பதே அங்கே தொடக்கப் புள்ளி.

பெரியாரின் நோக்கம் ஊரையே மாற்றுவது. புரியாத மொழியில் ஓதப்படும் மந்திரம், புரோகிதரின் பிறப்பு உயர்வு, பெண்ணைத் தானமாகக் கொடுக்கும் சடங்கு, நல்ல நேரம் பார்ப்பது எல்லாவற்றையும் கல்யாணப் பந்தலிலேயே எதிர்த்தார். ராகுகாலம் என்று ஊர் ஒதுக்கும் வேளையில் வேண்டுமென்றே நடத்தப்பட்ட கல்யாணங்கள் உண்டு. தாலி இல்லாமல் நடந்தவையும் உண்டு. அங்கே வரும் தலைவரின் பேச்சு மணமக்களுக்கு மட்டும் உரியதல்ல. பந்தலில் உட்கார்ந்திருக்கும் ஊராருக்கும் உரியது. சில இடங்களில் அந்த ஊர் முதன்முதலாகக் கேட்ட சாதி மறுப்புப் பேச்சே ஒரு கல்யாண மேடையிலிருந்து வந்தது. மேடைப் பேச்சு நீளமாக இருப்பதற்கு இப்படி ஒரு நல்ல மூலம் உண்டு என்பதை மறந்துவிட்டு அதைக் குறைசொல்லக் கூடாது.

ஆனால் சட்டம் அந்தக் கல்யாணங்களை வெகுகாலம் ஏற்கவில்லை. ஹோமமும் சப்தபதியும் இல்லாத இப்படிப்பட்ட கல்யாணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இயக்கத்தை நம்பி மணந்தவர்களின் பிள்ளைகளுடைய வாரிசுரிமையே கேள்விக்குள்ளானது. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்த கையோடு கொண்டுவந்த திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவாகச் சேர்ந்து 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்னால் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது.

அந்தப் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவரும் தமக்குப் புரிந்த எந்த மொழியிலாவது ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றிக்கொண்டால் போதும். அல்லது மோதிரம் போட்டால், அல்லது தாலி கட்டினால் போதும். இன்ன வாசகம் என்று இல்லை. நடத்திவைப்பவர் என்று ஒருவர் தேவையே இல்லை. இரண்டு தரப்பும் இந்துக்களாக இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு; அது தவிர, கல்யாணத்தை இவ்வளவு முழுமையாக மணமக்கள் கையில் கொடுத்த சட்டம் உலகில் அதிகம் இருக்காது.

ஆஸ்திரேலியாவின் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இதற்கு நேர் எதிர். அதிகாரம் பெற்ற செலிபிரன்ட் நேரில் இருந்தே ஆக வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமலும் 18 மாதத்துக்கு மேற்படாமலும் முன்னறிவிப்புப் படிவம் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும். 18 வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். சட்டப்படி மணம் செய்துவைக்கத் தமக்கு அதிகாரம் உண்டு என்பதையும், அந்த நாட்டுச் சட்டத்தின் பார்வையில் திருமணம் என்றால் என்ன என்பதையும் செலிபிரன்ட் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். 2017 டிசம்பர் வரை ஆணும் பெண்ணும் என்றிருந்த அந்த வாசகம், சட்டம் மாறியபின் இரண்டு நபர்கள் என்று ஆயிற்று. பிறகு மணமக்கள் ஒவ்வொருவரும், இங்கே இருப்பவர்கள் சாட்சியாக இவரை என் சட்டப்படியான துணையாக ஏற்கிறேன் என்ற பொருள்படும் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

சட்டம் கேட்பது இவ்வளவுதான். சேர்த்து வாசித்தால் சில நிமிடங்கள்கூட ஆகாது. ஒரு செலிபிரன்ட் நடத்தும் சடங்கு வழக்கமாக இருபது முப்பது நிமிடம் போகும். மிச்ச நேரம் முழுவதும் மணமக்களுக்குச் சொந்தம். அதை எப்படி நிரப்புவது என்பதற்காகத்தான் மாதக்கணக்கில் பேச்சு நடக்கிறது.

முதல் சந்திப்பு ஒரு காபிக் கடையிலோ செலிபிரன்டின் வீட்டிலோ நடக்கும். இவர் நமக்கு ஒத்துவருவாரா என்று மணமக்கள் பார்க்கிறார்கள். பிடிக்கவில்லையென்றால் வேறொருவரைத் தேடலாம். ஒத்துவந்தால் படிவம் நிரப்பி, பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், முந்தைய கல்யாணம் இருந்திருந்தால் அது முடிந்ததற்கான சான்று எல்லாவற்றையும் காட்ட வேண்டும். அதன் பிறகு பல செலிபிரன்டுகள் இருவருக்கும் தனித்தனியே ஒரு கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். எங்கே சந்தித்தீர்கள், முதல் சண்டை எதற்காக, அவரிடம் உங்களுக்குப் பிடித்தது எது, இந்தக் கல்யாணத்தில் யார் இல்லாததை நினைத்து வருந்துவீர்கள், எந்த உறவினரின் பெயரைச் சொல்லாமல் விட்டால் மனத்தாங்கல் வரும், எந்த விஷயத்தை மேடையில் சொல்லவே கூடாது. அந்தப் பதில்களை வைத்து அவர் ஒரு வரைவு எழுதி அனுப்புவார். மணமக்கள் திருத்துவார்கள். மறுபடி எழுதுவார். இறந்துபோன தாயைப் பற்றி ஒரு வரி போதுமா, ஒரு நிமிட மௌனம் வேண்டுமா என்பதெல்லாம் இந்தப் போக்குவரத்தில்தான் முடிவாகிறது.

உறுதிமொழி விஷயத்தில் அவர்கள் செய்யும் ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மணமக்கள் சொந்தமாக எழுதும் வாக்குறுதியை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள மாட்டார்கள். இருவரும் செலிபிரன்டுக்கு மட்டும் அனுப்புவார்கள். ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருப்பார், இன்னொருவர் நான்கு வரியோடு நிறுத்தியிருப்பார். ஒருவர் உருகியிருப்பார், மற்றவர் முழுக்க வேடிக்கையாக எழுதியிருப்பார். அப்படியே விட்டால் மேடையில் ஒருவர் சிறுத்துப்போவார். ஒருவர் எழுதியதை மற்றவருக்குச் சொல்லாமலே, இவருக்கு இன்னும் கொஞ்சம் எழுதலாம் என்றும் அவருக்கு இந்தப் பத்தியைக் குறைக்கலாம் என்றும் தனித்தனியே சொல்லி இரண்டையும் ஒரு அளவுக்குக் கொண்டுவருவார் செலிபிரன்ட். அன்றைக்கு அதைச் சிறு அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தம் கோப்பிலேயே கொண்டுவருவார். சட்ட வாக்கியத்தை மூன்று நான்கு சொற்களாக உடைத்துச் சொல்லி, திருப்பிச் சொல்லவைப்பார். கடற்கரைக் கல்யாணம் என்றால் காற்றுக்கு ஏற்ற மைக், கையெழுத்து மேசையில் தாள் பறக்காமல் இருக்க ஒரு கனமான பொருள், இரண்டு பேனா எல்லாம் அவர் பொறுப்பு. மணமக்கள் முத்தமிடும் நேரத்தில் படத்துக்குள் விழாமல் ஓரடி விலகி நிற்பதைக்கூட ஒத்திகையில் பார்த்து வைத்துக்கொள்வார். தம்மை நடுவில் நிறுத்திக்கொள்ளாமல் இருப்பதும் அந்தத் தொழிலின் ஒழுக்கம்.

இந்த ஒழுக்கம் தானாக வந்ததல்ல. 2003இல் செலிபிரன்ட் முறை திருத்தப்பட்டபோது பயிற்சியும் கட்டாயமானது. ஆண்டுதோறும் மேற்பயிற்சி உண்டு. சடங்கைத் தாங்களே தேர்ந்தெடுக்கவும் எழுதவும் தேவையான விவரங்களை மணமக்களுக்குத் தர வேண்டும், அவர்களுடைய அந்தரங்கத்தைக் காக்க வேண்டும், குறை இருந்தால் எங்கே புகார் செய்வது என்றும் சொல்ல வேண்டும் என நடத்தை விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

2024 ஜூன் மாதத்தில் இன்னொரு கடமையும் சேர்ந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மணமக்கள் இருவரையும் செலிபிரன்ட் தனித்தனியே நேரில் சந்திக்க வேண்டும். வேறு யாரும் பக்கத்தில் இல்லாமல், உங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்தான் இது நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கட்டாயக் கல்யாணம் அந்த நாட்டில் 2013 முதல் குற்றம். விருப்பம் இல்லையென்று தெரிந்தால் கல்யாணத்தை நடத்திவைக்கக் கூடாது. பயிற்சியையும் விதிகளையும் விட்டாலும் விடலாம், இந்த ஒரு கேள்வியை விடக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் பக்கம். ஒரு சுயமரியாதைத் திருமணத்துக்கு ஏற்பாடு என்றால் முதல் வேலை தலைவரிடம் தேதி வாங்குவது. வாங்குகிறவர் பெரும்பாலும் மணமகனின் அப்பா அல்லது மாமா. கட்சியிலோ இயக்கத்திலோ இருப்பவர். தேதி கிடைத்ததும் அழைப்பிதழ். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே போகும். யார் பெயருக்கு மேலே யார் பெயர் என்பதில் வீட்டுக்குள் நடக்கும் பேச்சு சின்னதல்ல. கல்யாணத்தன்று தலைவர் வந்து சேரும் நேரம்தான் நல்ல நேரம். அவர் உறுதிமொழியை வாசிக்கிறார், மணமக்கள் மைக்கில் திருப்பிச் சொல்கிறார்கள், மாலை மாற்றிக்கொள்கிறார்கள். பிறகு இரண்டு நாற்காலிகளில் உட்காருகிறார்கள். அடுத்த ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ வாழ்த்துரைகளைக் கேட்பதுதான் அவர்கள் வேலை. வாழ்த்துகிறவர்களில் பலருக்கு மணப்பெண்ணின் பெயரைச் சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. அவள் என்ன படித்தாள், எதற்காக இந்தப் பையனை விரும்பினாள், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவதைப் பற்றி இருவரும் என்ன பேசி வைத்திருக்கிறார்கள் என்று அந்த மேடையில் யாருக்கும் தெரியாது. பெண் விடுதலையைப் பற்றி அருமையான உரை ஒன்று நடந்துகொண்டிருக்கும். அந்தப் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள்.

எல்லா மேடைகளும் இப்படி இல்லை. மணமக்களை முன்கூட்டியே அழைத்துப் பேசுகிற மூத்த தோழர்கள் பலர் இருக்கிறார்கள். உறுதிமொழியைத் தாங்களே எழுதிக்கொண்டு வந்து வாசிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது அவரவர் குணத்தால் நடப்பது, வழக்கமாக ஆகவில்லை. தேவையே இல்லாத ஒருவர் இங்கே மேடையின் நடுவில் இருக்கிறார். சட்டப்படி இருந்தே ஆக வேண்டியவர் அங்கே படத்துக்குள் விழாமல் விலகி நிற்கிறார்.

காசு விஷயத்தில் நம் முறையே மேல் என்பேன். செலிபிரன்டுக்குக் கட்டணம் உண்டு, அவரவர் நிர்ணயிப்பது. இங்கே தலைவருக்கு ஒரு பொன்னாடை, முடிந்தால் இயக்க ஏட்டுக்கு நன்கொடை. ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கும் அதே தலைவர் வருவார். கட்டணம் வாங்குகிறவர் கட்டணம் கொடுக்கிறவரின் மனம் கோணும்படி பேச மாட்டார். சாதியைப் பற்றியோ வரதட்சணையைப் பற்றியோ மணவீட்டாருக்கே கசக்கும் உண்மையைச் சொல்லும் தைரியம், எதையும் எதிர்பாராமல் வருகிறவருக்கு எளிதில் வரும். செலிபிரன்ட் எழுதித் தரும் சடங்கு அந்த இருவரின் கதையோடு நின்றுவிடுகிறது. அழகாகவே இருக்கும், ஆனால் கேட்டுவிட்டுப் போகிற ஊரிடம் அது எதையும் கேட்பதில்லை.

தாள் வேலையில் அவர்கள் மேல். கையெழுத்து முடிந்த 14 நாளுக்குள் ஆவணங்களைப் பதிவகத்துக்கு அனுப்புவது செலிபிரன்டின் கடமை. இங்கே 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதை மணமக்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைவர் மேடையை விட்டு இறங்கினால் அவர் பொறுப்பு முடிந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அழைப்பிதழையும் போட்டோவையும் காட்டி நிற்கும்போது கூட வருவதற்கு ஆள் இருக்காது. சென்னை பெரியார் திடலில் உள்ள சுயமரியாதைத் திருமண நிலையம் போன்ற இடங்களில் முறையாகப் பதிவேடு வைத்துச் சான்று கொடுப்பது பெரிய உதவி. ஊர்ப்பந்தலில் நடக்கும் கல்யாணங்களுக்கு அந்த வசதி இல்லை.

அப்படியானால் இங்கேயும் அரசு உரிமம் பெற்ற ஆட்களை நியமித்து, ஒரு மாத முன்னறிவிப்பும் கேட்கலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு ஏற்கனவே இருக்கிறது. அது அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் அந்தப் படிவம் செலிபிரன்டின் கோப்பில் இருக்கும், ஊருக்குத் தெரியாது. சாதி கடந்து மணக்கும் இரண்டு பேருக்கு இங்கே அந்த 30 நாள் உயிருக்கே ஆபத்து. முன்னறிவிப்பு கேட்காத 7-ஏ பிரிவுதான் இப்படிப்பட்டவர்களுக்கு அடைக்கலம். வழக்கறிஞர் அலுவலகங்களில் ரகசியமாக நடக்கும் இத்தகைய கல்யாணங்களை ஏற்க முடியாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை, நண்பர் என்ற முறையில் வழக்கறிஞரும் முன்னின்று நடத்தலாம் என்றது. அந்தக் கதவை எந்தக் காரணத்துக்காகவும் குறுக்கக் கூடாது.

சிட்னி, மெல்போர்ன் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு உலகத்தையும் பார்த்தவர்கள். ஐயர் அரசிடம் பதிவு பெற்றவராக இருந்தால் மணவறையிலேயே சட்ட வேலையும் முடிந்துவிடும். இல்லையென்றால் ஒரு செலிபிரன்டைத் தனியே ஏற்பாடு செய்கிறார்கள். அக்னி, தாலி, மந்திரம் எல்லாம் காலையில் அப்பா அம்மாவின் விருப்பப்படி நடக்கிறது. மாலையில் செலிபிரன்ட் முன்னால் அந்தப் பெண்ணும் பையனும் தாங்களே எழுதிய வாக்குறுதியைச் சொல்கிறார்கள். ஒரே நாளில் அதே பிள்ளைகள் காலையில் வாய் திறக்காமலும் மாலையில் மனம் திறந்தும் இருக்க முடிகிறது. அவர்களுக்குப் பேச வராது என்று நாம் சொல்லிக்கொள்வது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே சட்டத்தைத் தொடாமல் வழக்கத்தை மட்டும் மாற்றலாம். தலைமை தாங்க ஒப்புக்கொள்பவர் யாராக இருந்தாலும், இயக்கத் தலைவரோ தமிழாசிரியரோ நண்பரான வழக்கறிஞரோ, அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்னால் மணமக்களோடு ஒரு மாலைப்பொழுது உட்காரட்டும். உறுதிமொழியை அவர்களையே எழுதச் சொல்லட்டும். எழுத வரவில்லையென்றால் இரண்டு மூன்று மாதிரிகள் கொடுக்கட்டும். வாழ்த்துரை பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை மாமா முடிவு செய்வதற்கு முன்னால் பெண்ணிடம் கேட்கட்டும். பதிவுக்கு எந்த நாள் போவது, சாட்சிக்கு யார் வருவது என்பதையும் அன்றைக்கே குறித்துக்கொள்ளலாம்.

அந்த மாலையில் ஒரு பத்து நிமிடம், முதலில் பெண்ணிடமும் பிறகு பையனிடமும், வீட்டார் யாரும் இல்லாமல் தனியே பேச வேண்டும். சம்மதமா என்று மட்டும் கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். எப்போது முடிவு செய்தாய், யாராவது வற்புறுத்தினார்களா, நாள் தள்ளிப்போனால் உனக்கு நிம்மதியா வருத்தமா என்று விசாரிக்க வேண்டும். பதிலில் தயக்கம் தெரிந்தால் தேதியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை தலைமை தாங்குபவருக்கு உண்டு. அவர் வரவில்லையென்றால் வீட்டார் ஏன் என்று யோசிப்பார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, ஐந்நூறு பேருக்கு அழைப்பிதழ் கொடுத்து முடித்த பிறகு அந்தப் பெண்ணை யார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வாள்.